மணல் மூட்டை

முடிச்சக்கா மணல் மூட்டையைத் தரையோடு இழுத்து வந்து என் காலடியில் போட்டார். அதன் வாயில் தைத்திருந்த வாரை என் இடுப்புப் பட்டையின் வளையத்தில் மாட்டி, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். யார் போட்ட முடிச்சையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"நீ நாப்பது கிலோ. உன் சித்தி எழுபத்தெட்டு. மூட்டையையும் சேத்தாத்தான் நீ ஓராளா தேறுவ."

"எழுபத்தேழரை," என்றாள் சித்தி, சுவரைப் பார்த்தபடியே. "அந்த அரைக் கிலோவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நான் சிரிக்கவில்லை. கையில் கயிறு ஈரமாகிக்கொண்டிருந்தது.

மூன்று மாடி உயரச் சுவர் அது. பழைய கிடங்கு ஒன்றின் உள்ளே, மரப்பலகையால் ஆனது. அதில் திருகி வைத்திருக்கும் வண்ண வண்ணப் பிடிகளைப் பற்றிக்கொண்டு மனிதர்கள் ஏறுவார்கள். ஏறுபவரின் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியிலுள்ள வளையத்தின் வழியாகக் கீழே நிற்பவரின் கைக்கு வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிடிகளைக் கழற்றி இடம் மாற்றுவார்கள். கழற்றியவற்றைத் தொட்டியில் ஊறவைத்து, வழுக்காமலிருக்கக் கையில் பூசும் மாவும் வியர்வையும் போகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது என் வேலை. பின்கட்டில் தனியாக உட்கார்ந்து செய்யலாம், யாரிடமும் பேச வேண்டாம். அதற்காகவே சித்தி இந்த வேலையை எனக்குத் தேடிப் பிடித்தாள். ஒன்றரை வருடத்தில் ஒவ்வொரு பிடியும் என் கைக்குப் பழகிவிட்டது. பெரிய மஞ்சள் பிடி பார்க்கத்தான் தாராளம், பிடித்தால் வழுக்கிவிடும். கறுப்பு சிறியது, ஆனால் நம்பலாம். நீலத்தில் ஒன்று முன்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். பின்னால் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி.

சித்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வேலை செய்பவர்களின் வீட்டு ஆள் ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் காசில்லாமல் ஏறலாம் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த செவ்வாய் வந்து நின்றாள். "ரத்தக் கொதிப்பு ஏறுது, வயசு ஏறுது, நான் ஏறக்கூடாதா?" என்றாள். முதல் நாள் ஆளுயரம்கூட ஏறவில்லை. எல்லாவற்றையும் கையாலேயே இழுத்தாள். மறுநாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாமல் திட்டு வாங்கினாள். இரண்டாம் மாதம்தான் கை வெறுமனே தொங்க வேண்டியது, தூக்க வேண்டியது கால் என்று பிடிபட்டது. பாதத்தை அகல வைத்து ஏறியவள் பெருவிரல் நுனியில் நிற்கப் பழகினாள். வீட்டில் அடுப்படியிலும் பெருவிரலில் நின்றுதான் மேல்தட்டு டப்பாவை எடுப்பாள். பாதிச் சுவர் தாண்டினாள், முக்கால் வந்தாள். அங்கே அந்த நீலம். ஐந்து வாரமாக அதே இடத்தில் வழுக்கி இறங்குகிறாள்.

குழியைப் பற்றி இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லியிருந்தேன். மேலே போனால் மறந்துவிடுகிறாள். "அந்த உயரத்துல எனக்கு என் பேரே ஞாபகம் வராதுடி. நீ கீழேருந்து சொல்லு."

அதுதான் முடியாத காரியம். வீட்டு வாசலைத் தாண்டினால் எனக்குக் குரல் வராது. இத்தனை நாள் அவளுக்குக் கயிறு பிடித்தவர், இங்கே ஏறக் கற்றுக்கொடுக்கும் முடிச்சக்கா. வரும் வாரம் அவருக்குத் தோளில் ஆபரேஷன், மூன்று மாதம் வரமாட்டார். வேறு ஆள் கிடையாது. அவர் வைக்கும் தேர்வில் தேறினால் நான் பிடிக்கலாம். இல்லாவிட்டால் சித்தியின் செவ்வாய்க்கிழமை அத்தோடு முடிந்தது. கயிறு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஏறுபவர் "ஏறட்டுமா?" என்று கேட்டதும், பிடிப்பவர் "கயிறு கையில இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு முறை தேர்வு வைத்தார். இரண்டு முறையும் நான் தலையை ஆட்டினேன்.

"ஏறுறவளுக்கு முதுகுல கண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, முடிச்சக்கா கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவேன். புது டீச்சர் நிமிராமல் பதிவேட்டைப் பார்த்தே கூப்பிடுவார், குரல் வராவிட்டால் வரவில்லை என்று போட்டுவிடுவார். பதினோரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு நாளும் நான் வரவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. பன்னிரண்டாம் நாளிலிருந்து உண்மையாகவே போகவில்லை. கணக்கு சரியாகிவிட்டது போல இருந்தது.

இன்று மூன்றாவது தேர்வு. சித்தி சுவரில் இரண்டு கையையும் வைத்தாள். முடிச்சக்கா எனக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்து நின்றார்.

"ஏறட்டுமா?"

"கயிறு கையில இருக்கு," என்றேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள், அதனால் கொஞ்சமாவது சத்தம் வந்திருக்க வேண்டும்.

"கேட்டுச்சா?" என்றார் முடிச்சக்கா.

சித்தி ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். என் காய்ச்சலுக்கு, என் பயத்துக்கு, வீட்டுக்கு வந்த கடிதத்துக்கு என்று எனக்காக எத்தனையோ பொய் சொன்னவள்.

"கேக்கல," என்றாள். திரும்பவில்லை. நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். "நிதானமா சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவளுடைய குதிகால் தரையில் இருந்தது. கழுத்தில் இஸ்திரிச் சூடு ஏறிச் சிவந்த தழும்பு. தூக்கிச் செருகிய கொண்டையிலிருந்து ஒரு கொண்டை ஊசி நழுவிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ. பக்கத்துச் சுவர்க்காரர்கள் இறங்கி, முடிச்சவிழ்த்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

"கயிறு கையில இருக்கு, சித்தி."

அது என் குரல் மாதிரியே இல்லை. கரகரவென்று, வெகுநாள் திறக்காத அலமாரிக் கதவு போல இருந்தது.

குதிகால் எழும்பியது.

மஞ்சளைத் தொடாமல் தாண்டினாள். கறுப்பில் பெருவிரலை ஊன்றி இளைப்பாறினாள். நான் கயிற்றை என் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தேன், துணி மடிக்கும் தாளத்தில். நீலத்தில் அவள் உள்ளங்கை படிந்து, வழுக்கி, மறுபடி படிந்தது. கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது.

"பின்னாடி குழி இருக்கு சித்தி. கட்டைவிரலை உள்ள விடு."

கட்டைவிரல் பிடிக்குப் பின்னால் போய் மறைந்தது. நடுக்கம் நின்றது. அவள் மெல்ல மேலே போனாள், ஒன்று, இன்னொன்று, அவ்வளவுதான், உச்சியிலிருந்த கட்டையைத் தொட்டுவிட்டாள். கத்தவில்லை. அங்கிருந்த தூசியைப் புறங்கையால் துடைத்தாள், வீட்டு ஜன்னலைத் துடைப்பது போல.

"இப்ப கையை விடுங்க," என்றார் முடிச்சக்கா. விழுபவரைத் தாங்கிப் பிடிப்பதுதான் தேர்வின் கடைசிப் பகுதி.

சித்தி கீழே பார்க்கவில்லை. "ஏண்டி, இருக்கியா?"

"இருக்கேன், விடு."

அவள் விட்டாள். கயிறு விண்ணென்று இறுகியது. அவள் ஒரு கை தூரம் இறங்க, நான் ஒரு கை தூரம் மேலே போனேன். என் ஒரு காலின் செருப்பு கழன்று தரையில் விழுந்தது. எனக்குக் கீழே வார் முறுகி, மணல் மூட்டை ஒரு பக்கமாக எழுந்து நின்றது. மேலே சித்தி காற்றில் மெதுவாகச் சுழன்று, முதல் முறையாக என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.