பத்து நிமிட அவகாசம்

அப்பா ஓட்டிய லாரி மோதி ஒரு பெண் இறந்துபோனாள். நான்கு வருடச் சிறை. குறைக்கச் சொல்லி மேல்முறையீடு போடவைத்தது நான்தான். வீட்டில் முதல் பட்டதாரி என்ற பாழாய்ப்போன திமிர்.

“நான்கே குறைவு. ஏழாக்கினால் என்ன?” என்றார் நீதிபதி. மனுவைத் திரும்பப் பெறப் பத்து நிமிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வக்கீலை மறித்தேன். “ரெண்டு நாளா முதலாளி அப்பாவைத் தூங்கவிடலைன்னுதானே சார் மனுவுல எழுதச் சொன்னேன்? தப்பு அவன்மேலதானே?”

“தூக்கம் வருதுன்னு தெரிஞ்சே ஓட்டினார்னு ஆயிடுச்சேம்மா. வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே,” என்றார் வக்கீல்.

காவலர்களுக்கு நடுவே அப்பா சிரித்தார். “எவ்வளவு குறைச்சாங்க பாப்பா?”

“வாபஸ் வாங்கிடலாம்ப்பா. கையெழுத்துப் போடுங்க.”

“படிச்சவ நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” பார்க்காமலேயே போட்டார். போன மனுவுக்கும் இதையேதான் சொன்னார்.

இரண்டு நிமிடம்தான் மிச்சம். தாளோடு ஓடினேன்.