பத்தாவது வரிசை

ஆர்லன் ஃபிஸ்க்கின் மதிப்பீட்டுத் தாள் அந்த வெள்ளிக்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிரெட்சனின் மேசைக்கு வந்துவிட்டது. அதுதான் அவளை உறுத்தியது. பத்தொன்பது வருடமாக அந்த மினசோட்டா ஊர்ப் பள்ளியில் மார்க்கெட்டிங் நடத்துகிறாள். கடைசி வருடப் பிள்ளைகளை மத்தியானத்துக்கு மேல் ஊர்க் கடைகளுக்கு வேலை பழக அனுப்புவதும், கடைக்காரர்களிடம் வாராவாரம் மதிப்பீடு வாங்குவதும் அவள் பொறுப்பு. வாங்குவது என்றால் சும்மாவா? மூன்று தடவை போன் அடிக்க வேண்டும். பீட்சாக் கடைக்காரர் தாளைச் சாஸ் கறையோடு தருவார். டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரர் 'எல்லாம் ஓகே' என்று குறுக்கே கிறுக்கிவிடுவார். ஃபிஸ்க்கின் தாள் மட்டும் நவம்பரிலிருந்து பத்து வரிசையும் நிரம்பி, கையெழுத்தோடு, கசங்காமல் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து வைப்பது அவருடைய ஷூ கடையில் வேலை பழகும் டெலேனி வோஸ்.

மதிப்பெண்களும் நம்பும்படி இல்லை. ஃபிஸ்க் யாருக்கும் ஐந்துக்கு மூன்றைத் தாண்டிக் கொடுத்த மனிதர் அல்லர். டெலேனிக்கோ நாலும் ஐந்தும். பத்தாவது வரிசையில் மட்டும், 'தேவைப்படும்போது உதவி கேட்கிறாரா?' என்ற இடத்தில், எல்லா வாரமும் ஒன்று. போன வருடம் ஒரு பையன் மாமா கடையில் கால்மேல் கால் போட்டுப் போன் பார்த்தே வருடத்தை ஓட்டினான். மாமா கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கிரெட்சன். அதற்குப் பிறகு அவளே ஒரு விதி சேர்த்தாள். பொய்க் கையெழுத்து என்றால் மதிப்பெண் ரத்து, பட்டமளிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை யாருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய் நின்றாள்.

கண்ணாடி அலமாரியில் பனிக்கால பூட்ஸுகள் உயரவாரியாக நின்றன. டெலேனி ஒரு பால்பண்ணைக்காரரின் பாதத்தை இரும்பு அளவுப்பலகையில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். ஃபிஸ்க் டையும் பளபளத்த ஷூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிரெட்சனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா மார்ஜரி. பசங்க நல்லா இருக்காங்களா?"

மார்ஜரி கிரெட்சனின் அம்மா. இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

"சும்மா கிண்டல் பண்றார் மிஸ்" என்றாள் டெலேனி, ரொம்ப வேகமாக.

பண்ணைக்காரர் வெளியே போகும்வரை கிரெட்சன் காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து ஃபிஸ்க்கின் மடியில் வைத்தாள்.

"இந்த வாரத்துக்கு இப்பவே போட்டுக் குடுத்துருங்க சார்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளைப் பார்த்தார், டெலேனியைப் பார்த்தார், கடைசியில் கிரெட்சனின் காலைப் பார்த்தார். கையெழுத்துக் கட்டத்தில் நிதானமாக எழுதினார்: எட்டரை, அகலம். அவள் ஷூ அளவு அதுதான். பள்ளி நாளிலிருந்து அவர்தான் அளந்தவர்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள் கிரெட்சன்.

"நவம்பர்லேருந்து." டெலேனி அளவுப்பலகையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். "சரக்குக்கு ஆர்டர் சொல்றது, விக்கிறது, கடை பூட்டுறது எல்லாம் நான்தான். காலைல அவரா வந்து தொறந்து உக்காந்துருவார். வெளிய தெரிஞ்சா அவர் மக வந்து கடைய மூடிட்டு அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. இங்க இருந்தா காலைல எழுந்து டை கட்டுறார் மிஸ்."

"கையெழுத்தும் நீதான்."

"ஆமா."

"எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்கலாமே. அந்த ஒண்ணு எதுக்கு?"

"அது நிஜம் மிஸ்."

கிரெட்சன் அதை அப்படியே நம்பினாள். அடுத்த கணமே சந்தேகம் தட்டியது. சின்னக் குறை ஒன்றை நீயே ஒப்புக்கொள், மிச்சத்தை வாடிக்கையாளர் நம்பிவிடுவார் என்று விளம்பரப் பாடத்தில் நடத்தியது அவள்தானே? முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவள் இவள்தானே? அந்தப் பெண்ணின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் நிஜமா தந்திரமா என்று பிடிபடவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் டெலேனி.

கிரெட்சன் காருக்கு நடந்தாள். தலைமையாசிரியரிடம் புதன்கிழமையும் சொல்லவில்லை, வியாழக்கிழமையும் சொல்லவில்லை. இந்த மூன்று நாளில் அந்தப் பெண் ஏதாவது சோடித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள் வரவில்லை. கடைசி மணி அடித்து, பேருந்துகள் போன பிறகு, டெலேனி வந்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். முதல்முறையாகத் தாளின் ஓரம் கசங்கியிருந்தது.

கிரெட்சன் அதைத் திருப்பினாள். ஒன்பது வரிசையும் காலி. கையெழுத்துக் கட்டமும் காலி. பத்தாவது வரிசையில், ஒன்று போட வேண்டிய இடத்தில், ஒரு தொலைபேசி எண் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'அவர் மக. என்னால சொல்ல முடியல மிஸ். நீங்க சொல்றீங்களா?'

இந்த எண் நிஜமாக இருக்குமா என்பதுதான் அப்போதும் அவளுக்கு முதலில் தோன்றியது. போனை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். அரிசோனாவில் மணி அடித்தது. மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல், "அப்பாவா?" என்றது.