ரேடியோ கரகரத்த நேரங்கள்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடைந்தது பீங்கான் வளையம், பழி மட்டும் ஃபிட்டர் அண்ணன் தலையில். விண்கலத்தைத் தள்ளும் மின் எஞ்சினில், கொதிக்கும் பிளாஸ்மா உலோகத்தைத் தொடாமல் காப்பது அந்த வளையம்தான். "திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கியதால் விரிசல்" என்று மானேஜர் அறிக்கை எழுதிவிட்டார். திங்கட்கிழமை வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் அதில் கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு திருகாணியைக்கூட ஏனோதானோவென்று முறுக்காத மனிதர்!

சோதனைக் கூடத்தில் எஞ்சினை ஓட்டுவது நான். வளையம் எதனால் உடைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எஞ்சினில் உள்ள மின்காந்தத்தின் விசையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பிளாஸ்மா சீராக எரியாமல் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். வாயு தீரும், நிறையும், மறுபடி தீரும், நொடிக்கு இருபதாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் மின்னோட்டம் எகிறி விழும், அந்த அடியில் வளையம் விரிசல் விடும். எங்கள் கணினியோ நொடிக்கு ஒரே ஒரு சராசரியைத்தான் பதிகிறது. அதனால் திரையில் எப்போதும் நேர்கோடு. வேகமான பதிவுக்கருவி பழுதுபார்க்கப் போய் எட்டு மாதம். இரண்டு தடவை கேட்டேன்.

"கோடு நேராத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கும்மா?" என்றார் மானேஜர்.

அந்த நேர்கோட்டின் கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டறைக்குப் போனேன். அண்ணன் தன் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இப்பவே மூட்டை கட்டுறீங்க?"

"அவங்க சொல்றதுக்குள்ள நானே கட்டிடறேன்மா. இந்த ரேடியோவை மட்டும் விட்டுட்டுப் போறேன். உன் எஞ்சின்கிட்ட மாட்டிக்கிட்டு அது சீரழிஞ்சதுதான் மிச்சம்."

"என் எஞ்சின் என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணலைன்னு கேளு! மேட்ச் கடைசி ஓவர் போய்க்கிட்டு இருக்கும், சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ எதையோ திருகுவ, இங்க கொர்ர்ருன்னு ஒரே சத்தம். யாரு ஜெயிச்சான்னே தெரியாது. பதினேழு தடவை புகார் எழுதிட்டேன், நேரம் போட்டு. ஒருத்தன் எட்டிப் பாக்கலை."

பராமரிப்புப் புகார் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, என் சோதனைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். பதினேழும் நான் காந்தத்தைக் குறைத்து ஓட்டிய நேரங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கணினி தவறவிட்ட மின்னோட்டத் துள்ளலை ரேடியோ பிடித்திருக்கிறது. கடைசிப் புகார் வளையம் உடைந்த அன்று எழுதியது: "இன்று சத்தம் தாங்க முடியவில்லை. ரேடியோவைத் துணியால் மூடினேன்." பக்கத்தில் சிவப்பு மையில் மானேஜர்: "வேலை நேரத்தில் ரேடியோ எதற்கு?"

படித்திருக்கிறார்! பதினேழையும் படித்து, பதினேழுக்கும் அதே பதிலை எழுதியிருக்கிறார்!

திங்கட்கிழமை அந்தப் பொறியாளர் அம்மா வந்தார். வளையம் மாற்றிய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணனின் ரேடியோவை எஞ்சினுக்குப் போகும் மின்கம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதெல்லாம் ஒரு கருவியா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க," என்றார் மானேஜர்.

செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். காந்தத்தை ஒரு படி குறைத்தேன். திரையில் கோடு அசையவில்லை. ரேடியோ கொர்ரென்று கத்தியது, செய்தி அதில் மூழ்கிவிட்டது. ஏற்றினேன், குரல் தெளிவாக வந்தது.

"இன்னொரு தடவை," என்றார் அந்த அம்மா.

குறைத்தேன். மறுபடி அதே கத்தல். மானேஜர் நாற்காலியை விட்டு விருட்டென்று எழுந்து வந்து ரேடியோவை அணைத்தார்.

"பாருங்க மேடம், கோடு நேராத்தான் இருக்கு."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அண்ணன் வாயைத் திறந்தார். "சார், நீங்க நிறுத்தினது என் ரேடியோவை. உள்ள அது இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. புது வளையம் சார், அதுவும் போயிடும்."

நான் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினேன். அந்த அம்மா பேனாவை மூடி, கையெழுத்துப் போடாத அறிக்கையை ஓரமாகத் தள்ளினார்.

"அந்தப் புகார் புத்தகத்தைக் கொண்டு வாங்க. எழுதினவரு இங்க வந்து உக்காரட்டும்," என்று மானேஜரின் நாற்காலியைக் காட்டினார்.