சம்பங்கிக்குத் தண்ணீர்

அந்தோணி பிரகாஷ் இலையை லேசாகத்தான் இழுத்தான். அது மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகல் நாற்றம் மூக்கில் ஏறியது. பக்கத்து வாளியிலும் அப்படித்தான். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் மொட்டைமாடியில், பழைய பெயிண்ட் வாளிகளில் சம்பங்கி வளர்த்தவள் அவன் மனைவி லூர்து மேரி. வருஷா வருஷம் தன் அம்மாவின் கல்லறைக்கு இங்கே பூத்ததைத்தான் வெட்டிக்கொண்டு போவாள். வழியெல்லாம் கடைகளில் மாலை தொங்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள். "பெத்தவளுக்குக் கடைப் பூவா? நான் என்ன விருந்தாளியாங்க?" என்பாள். இந்த வருஷக் கோடையில் அவளும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய வாளிப் பூவையே அவள் தலைமாட்டில் வைக்க வேண்டும். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

குழம்பு கொண்டுவந்த மேரியின் தங்கை அமுதா, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மாடியேறி வந்தாள். ஒரு வாளியைச் சாய்த்தாள். மண்ணுக்கு முன்னால் தண்ணீர்தான் ஒழுகியது.

"என்னா மாமா இது? சம்பங்கி வெச்சீங்களா, நெல்லு நாத்து உட்டீங்களா?"

"எல பழுத்துச்சு. தண்ணி பத்தலையாட்டம் இருக்குதுன்னு நெனச்சன்."

"அக்கா மண்ணு காஞ்சாத்தான் ஊத்தும். நீங்க எத்தன வாட்டி ஊத்தனீங்க?"

"காத்தால, சாயங்காலம். மனசு கேக்கலைன்னா மத்தியானமும்."

"கெழங்குக்கு எதுக்கு மாமா இத்தன தண்ணி?"

வயிற்று ஆபரேஷன் முடிந்து சேலத்து ஆஸ்பத்திரியில் மேரி கிடந்தபோது, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நனைத்த பஞ்சால் உதட்டை மட்டும் துடைக்கலாம். அவன் அதை ஜெபம் போலக் கடைப்பிடித்தான். பஞ்சு உதட்டில் பட்டதும் அவள் அதைப் பல்லால் பிடித்துக்கொள்வாள். அவன் மெல்ல இழுத்து எடுப்பான். "கொஞ்சூண்டுங்க" என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று அவனும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நாளை வரவில்லை.

"தண்ணி கேட்டா, அமுதா," என்றான்.

"யாரு?"

"உங்கக்கா."

மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அமுதாவின் கை நின்றது. பிறகு வாளிகளை ஒவ்வொன்றாகக் கொட்டித் துழாவினாள். பூண்டுப் பல் அளவில் சில குட்டிக் கிழங்குகள் மட்டும் கெட்டியாக அகப்பட்டன. முந்தானையில் துடைத்து, மாடிப்படியின் அடியில் நிழலாகப் பார்த்துப் பேப்பரில் பரப்பினாள்.

"இதுங்க பூக்க அடுத்த வருசம் ஆவும். நல்லாக் காயணும். மறுபடி நடற வரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. ஒங்களால முடியாது மாமா, நான் வூட்டுக்கு எடுத்துட்டுப் போறன்."

"வேணாம். இங்கியே இருக்கட்டும்."

இரவுகளில் அவன் படியடியில் போய் அந்தக் கிழங்குகளைப் பார்ப்பான். கையில் சொம்பு இருக்கும். அப்படியே திரும்பி வந்து, அந்தத் தண்ணீரைத் தானும் குடிக்காமல் வைத்துவிடுவான்.

கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாக இருந்தது. மழை ஏமாற்றிய வருஷம். மேரியின் மண்மேடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவனுக்கு முன்பே வந்திருந்த அமுதா அவன் கைகளைப் பார்த்தாள். பூ இல்லை. ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்.

அவன் குனிந்து தலைமாட்டில் சாய்த்தான். மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. இன்னும் சாய்த்தான்.

"மெதுவா ஊத்துங்க மாமா," என்றாள் அமுதா.

அவன் பாட்டிலைச் சற்றே நிமிர்த்தினான். தண்ணீர் நூலாக இறங்கியது. வெடிப்புகளின் ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது.