ஊயிசாவின் ஒலிவமரம்

சுர்சுரா மலையின் பனிமுடி உருகிப் பாறைதோறும் தாவியிறங்கும் ஓடையின் இருகரையிலும், இரண்டு கோடைக்கு முன் தீ தின்று துப்பிய காடு, கரிந்த தூண்களின் அடியில் பசும்புல்லை விரித்து, நாணத்தோடு மீண்டும் உடுத்தத் தொடங்கியிருந்த இளவேனிற் காலையில், மெசியான் என்பான் தன் மனைவி ஊயிசாவை அழைத்துக்கொண்டு ஓடைவழியே மலையேறி, மூன்றாம் முறையாக வழி தவறினான்.

எங்கள் ஊரார் மரங்களையே வழிகாட்டிகளாகக் கொண்டவர்கள். பெரிய தக்கைமரத்தில் இடப்பக்கம் திரும்பி, இரட்டை அத்தியில் ஏறென்போம். தக்கைமரமும் அத்தியும் சாம்பலான பின்னும் அவ்வாறே சொல்லித் தொலைந்து போகிறோம்.

"ஒரு வருஷமா தண்ணி ஊத்துன மனுஷனுக்கு வழி தெரியல!" என்றாள் ஊயிசா.

"அது கீழ்வழி. மழையில அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பேசாம வாடி."

அவன் தேடியது, ஊயிசா பிறந்த நாளில் அவள் தந்தை அவள் பெயரால் ஒதுக்கிய ஒலிவமரம். நிலமோ அவள் பெரியப்பன் மகன் அம்சாவுடையது. மண் ஒருவர்க்கும் மரம் மற்றொருவர்க்கும் உரியதாதல் எங்கள் வழக்கம். மரம் உயிரோடுள்ளவரை அவ்வெண்ணெய் அவளது. அது மடிந்தால் அம்மண்ணில் அவளுக்கு யாதுமில்லை. எரிந்த மரங்களைப் பார்த்துத் தீர்ப்பளிக்க ஊரவை மறுநாள் வருவதாயிருந்தது. மரம் துளிர்த்திருப்பதைக் காட்டி மனைவியை வியக்கவைக்க எண்ணி, ஓராண்டு வாய்பொத்தியிருந்த மெசியான், தண்ணீர் ஊற்றியதை மட்டும் அன்று காலையில்தான் உளறியிருந்தான்.

நண்பகலில் மரம் கிட்டியது. கரிக்கட்டையான அடிமரத்தைச் சூழ்ந்து இடுப்பளவு தளிர்கள் எழுந்து நின்றன. மெசியான் மணமகனைப் போல் நெஞ்சு நிமிர்த்தினான்.

ஊயிசா குனிந்தாள். சிறுத்த இலையைத் தடவினாள். முள்ளொன்று விரலில் குத்தியது. ஒட்டுப்போட்ட தழும்புக்கு மேலே பட்டையைச் சுரண்டினாள். எல்லாம் கருமை. தளிர்கள் யாவும் தழும்புக்குக் கீழிருந்து கிளைத்தவை.

"இது காட்டொலிவம். எங்கப்பா அதுமேல ஒட்டுன நல்ல மரம் செத்துடுச்சு. நீ வளத்தது அடிவேரு. காட்டுமரம் மண்ணுக்காரனுக்குத்தான். ஒரு வருஷமா அம்சாவுக்கு வேலை பாத்திருக்க. கூலியாவது கேட்டியா?"

அவன் முகம் தீப்பட்ட பாறையாயிற்று. ஓடையை ஏசினான், அம்சாவை ஏசினான், இறுதியில் தன் கண்களையே ஏசினான்.

"நாளைக்கு வர்ற கிழவங்களுக்குக் கண்ணு மங்கல். முள்ளைக் கிள்ளிட்டா யாருக்குத் தெரியும்?"

"எங்கப்பா கையால போட்ட ஒட்டு. அதுமேல நான் பொய்யை ஒட்டவா?"

அவள் நெடுநேரம் அத்தழும்பின்மேல் கைவைத்திருந்தாள். பின் எழுந்து, சரிவில் கிடந்த முட்செடிகளை இழுத்து வந்து, ஆடுகள் கடிக்காவண்ணம் தளிர்களைச் சுற்றி அடுக்கலானாள்.

"பைத்தியமா உனக்கு? இனி இது நம்மளுது இல்லையே!"

"அது அதுக்குத் தெரியாதுல்ல. பிடி அந்தக் கொம்பை."

முணுமுணுத்துக்கொண்டே அவன் பிடித்தான். கைகள் கிழிய, அம்சாவின் ஏழு தலைமுறையையும் பழித்தபடியே, வேலியில் ஒரு குட்டியாடும் நுழையும் இடைவெளி விடாமல் அடைத்தான். பிறர்க்காகிவிட்ட ஒரு பசுமையை அங்ஙனம் காத்துவைத்து, வெறுங்கையோடும் ஆறாச் சினத்தோடும் அவ்விருவரும் இறங்கிச் செல்ல, அவர்களுக்குப் பின்னே, யாருடையதென்று அறியாத அச்சிறு மரம் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.