மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஒரு ரேஸ் கிளட்ச்

என் காரைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "யாரு வண்டி?" என்னுடையது என்றால் அடுத்தது, "யாரு ஓட்டுதாக?" நான்தான் என்று சொன்ன பிறகு கேள்வி நின்றுபோகும், சந்தேகம் நிற்காது. பெட்ரோல் பங்கில் இன்னமும் எனக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடுகிறார்கள். நான் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து எது நிஜமான சேதம், எது ஏமாற்று என்று எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. வாசுதேவநல்லூரிலிருந்து திருவேங்கடம் வரைக்கும் எந்த லாரி எந்தப் பள்ளத்தில் கவிழ்ந்தாலும் எனக்குத்தான் போன் வரும். அப்படியும் இந்த லட்சணம்.

கார், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த வண்டி. இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. பாடி தகரம் இல்லை, கண்ணாடி இழை. குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குப் பின்னால் கோழிகள் அடைந்து கிடந்ததை வாங்கி, கழுகுமலை ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் இசக்கித்துரை அண்ணாச்சியிடம் கொண்டுபோய் இறக்கினேன். அவர் லோடு ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் வைத்தியம் பார்க்கிறவர். "இது காரா, குளிக்கிற தொட்டியாம்மா?" என்று கேட்டார். ஆனாலும் விரட்டிவிடவில்லை. உதிரி பாகம் எதுவும் கடையில் கிடைக்காது. பிரேக்கை ஒரு வண்டியிலிருந்தும் ரேடியேட்டரை இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்து, கோவில்பட்டி லேத்தில் கடைந்து பொருத்தினோம். பொருத்தியதெல்லாம் ஒழுகும். ஒழுகல் நின்றால் சத்தம் வரும். சத்தமும் நின்றுவிட்டால் அன்றைக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த வண்டி வாரம் முழுக்க ஊருக்குள் ஓட வேண்டும். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கிலும் ஓட வேண்டும். இது இரண்டுக்கும் ஜென்மத்தில் ஒத்துவராது. டிராக்குக்காக ஸ்பிரிங்கை இறக்கினால் எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு தட்டும். வேகத்தடைக்காக ஏற்றினால் வளைவில் வண்டி சாயும். டிராக் டயர் போட்டால் மழையில் வழுக்கும். சைலன்சரை மாற்றினால் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறி எழும்பும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும் என்று தெரிந்தும் ஐந்து வருஷமாக என் சம்பாத்தியத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் அதில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் எரிச்சல்தான் வரும். அந்த சீட்டில் உட்காரும்போது மட்டும்தான் நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை எப்படி ஒருத்தருக்கு விளக்கிச் சொல்வது?

போன முறை டிராக்கில் மூன்றாவது சுற்றிலேயே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் அலறுகிறது, வண்டி போகவில்லை. மீசை முளைக்காத பையன்கள் எல்லாம் சர் சர்ரென்று தாண்டிப் போக, நான் ஓரமாக ஒதுங்கி வந்து நின்றேன். அந்த அவமானத்துக்காகத்தான் ரேஸ் கிளட்ச் பிளேட் வாங்கினேன். அதன் குணமும் என் குணம்தான். பிடித்தால் முழுசாகப் பிடிக்கும், விட்டால் முழுசாக விடும், நடுவில் ஒன்றும் கிடையாது. ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி பெடலைப் பாதி அழுத்தி ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்தால் சூடாகிக் கருகிவிடும். அதைப் போடுவதற்குள் கியர் பாக்ஸை மூன்று தடவை இறக்கி ஏற்றினோம். மூன்றாவது தடவை அண்ணாச்சி ஸ்பேனரைத் தரையில் வீசிவிட்டு, "இன்னொரு தடவ எறக்கச் சொன்னேன்னா நான் தறி ஓட்டப் போயிருவேன், பாத்துக்கோ" என்றார்.

அது சரியாகி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டிராக்கில் பெயர் கொடுத்திருந்தேன். இந்த வருஷத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்துவிடும் கடைசி நாள் அது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் தம்பி ஷாஜித்துக்கு நிக்காஹ்.

ஷாஜித் சென்னையில் வேலை பார்க்கிறான். லீவில் வரும்போதெல்லாம் என் பக்கத்து சீட்டில்தான் இருப்பான். குருவிகுளம் ரோட்டில் நான் வண்டியைச் சோதித்துப் பார்க்கும்போது மீட்டரைப் பார்த்துச் சூடு எவ்வளவு என்று சொல்வது அவன் வேலை. இந்த வீட்டில் என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லாத ஒரே ஆள்.

"அக்கா, நான் ஒன் கார்லதான் மாப்பிள்ளையா வருவேன். நீதான் ஓட்டணும்" என்றான்.

"ஊர்வலம் ஊந்து ஊந்து போவும்லே. கிளட்ச் தாங்காது."

"நீ ஓட்டுனா தாங்கும்லா."

அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். பள்ளிவாசலிலிருந்து திருவேங்கடம் ரோட்டு மண்டபம் வரைக்கும் அவனையும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். முன்னால் பைத்து பாடுகிறவர்கள் தப்ஸ் கொட்டிக்கொண்டு ஆமை நடை நடப்பார்கள். அவர்கள் கூடவே ஊரக் கூடாது. நியூட்ரலில் நின்று, அவர்களைக் கொஞ்ச தூரம் போகவிட்டு, கிளட்ச்சை முழுசாக விட்டு ஒரு ஓட்டம் ஓடி, மறுபடியும் நியூட்ரலில் நிற்க வேண்டும். அப்படி ஓட்டினால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது. சனிக்கிழமை கிளம்பிக் கோயம்புத்தூர் போய்விடலாம். எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மைதீன் பாட்சா மாமா வந்தார். உம்மாவின் அண்ணன். வாப்பா மவுத்தான பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். பின்னாலேயே அவர் மகன் ஃபாரூக்.

"ஏட்டி சாஜிதா, கார் சாவியை ஃபாரூக்கிட்ட குடு" என்றார் மாமா.

"எதுக்கு மாமா?"

"அவன்தான் ஓட்டுதான். மச்சான் ஓட்ட, மாப்பிள்ளை உக்காந்து வாரதுதான் முறை."

"நான் ஓட்டுறதாத்தான பேச்சு. ஷாஜித்துதான் கேட்டான்."

"அவன் சின்னப்பய, ஆசைல கேட்டுருப்பான். வண்டில இருக்கிறதே ரெண்டு சீட்டு. மாப்பிள்ளை பக்கத்துல நீ உக்காந்து ஊரைச் சுத்தி வந்தா பாக்கிறவன் என்ன நெனப்பான்? பொண்ணே மாப்பிள்ளையக் கூட்டிட்டு வருதுன்னு சிரிக்கமாட்டானா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னேன். இது ரேஸ் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்சில் வைத்தால் கருகிவிடும், நாளை மறுநாள் எனக்கு டிராக் இருக்கிறது, இதை ஓட்டப் பழக்கம் வேண்டும் என்று.

ஃபாரூக் சிரித்தார். "நான் பதினஞ்சு வருஷமா சார்ஜாவுல ஓட்டுதேன். இது என்ன ராக்கெட்டா?"

"அங்கன ஒங்க வண்டி ஆட்டோமேட்டிக்லா மச்சான்? அதுல கிளட்ச்சே கெடையாதே."

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான்."

நான் ஷாஜித்தைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஷெர்வானி பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தான். 'அக்காதான் ஓட்டணும் மாமா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கல்யாண மாப்பிள்ளை சொன்னால் மாமாவால் மறுக்க முடியாது. அவன் அடுத்த பட்டனுக்குப் போனான். அது ஏற்கெனவே போட்ட பட்டன். கழற்றி மறுபடியும் போட்டான்.

உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாண வீட்டுல ஒண்ணும் வேண்டாம் மக்கா. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுக்காவிட்டால், தம்பி கல்யாணத்தில் வீம்பு பிடித்தவள் என்று சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். மேசைமேல் வைத்தேன். வைத்தேன் என்ன, எறிந்தேன். ஃபாரூக் எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே போனார்.

சாயங்காலம் பள்ளிவாசல் முன்னால் கார் மல்லிகைச் சரத்தில் மூழ்கி நின்றது. காற்று போகிற முன்பக்க வலையிலும் பூவைக் கட்டியிருந்தார்கள். ரேடியேட்டர் கொதிக்குமே என்று அவிழ்க்கப் போனேன். "பூவுல போய் கைய வைக்காத" என்று யாரோ அதட்டினார்கள். ஷாஜித் தலைப்பாகையும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தான். நான் பெண்களோடு பின்னால் நடந்தேன்.

முதல் தடவை கிளட்ச்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி குதித்து நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை மூக்குக்கு இறங்கியது. கூட்டம் சிரித்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஃபாரூக் பாடம் கற்றுக்கொண்டார். எந்தப் பாடத்தைக் கற்கக் கூடாதோ அதை. ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதித்து, கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, பைத்து பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ஊர ஆரம்பித்தார். எனக்கு அவர் கால் தெரியவில்லை. இன்ஜின் சத்தத்திலேயே தெரிந்தது, பெடல் எங்கே நிற்கிறது என்று.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். "முழுசா விடுங்க மச்சான்! இல்லன்னா நிறுத்துங்க! அவங்க முன்னால போட்டும்!"

தப்ஸ் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாரோ. மாமா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், பின்னால் போ என்று. பின்னால் வந்தேன். பக்கத்தில் நடந்த சொந்தக்காரப் பெண் ரிஸானா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன இது, பட்டாசு வாடையா?" என்றாள். அது பட்டாசு இல்லை, கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை. கண்முன்னால் நம் பொருளை ஒருத்தர் அணு அணுவாக எரிக்கிறார், நாம் அட்சதை போடுகிற ஆள் மாதிரி கூட நடந்துகொண்டிருக்கிறோம். அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை பல்லைக் கடித்தேன் என்று எனக்கே தெரியாது.

திருவேங்கடம் ரோட்டில் திரும்பியதும் முடிந்தது. இன்ஜின் ஓங்கி அலறியது, வண்டி அசையவில்லை. அடியிலிருந்து புகை வந்தது. ஃபாரூக் கியரை மாற்றி மாற்றிப் போட்டார். இன்னும் அலறியது. கடைசியில் இன்ஜின் கொதித்து அதுவாகவே அடங்கிப்போனது. பைத்து பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்கள். பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்தது.

ஃபாரூக் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழைய வண்டி. கண்டிஷன் சரியில்ல" என்றார் எல்லோரிடமும்.

கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. இனி கியர் பாக்ஸை இறக்க வேண்டும், பிளேட் வர வேண்டும், அது எங்கிருந்தோ வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இந்த வருஷமும் போய்விட்டது.

மாமா அங்கே இங்கே பார்த்தார். வேறு கார் கொண்டுவரலாம் என்றால் பஸ்ஸும் வேனும் சேர்ந்து ரோட்டை அடைத்திருந்தன. தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், இன்ஜின் ஓடாத வண்டியின் ஸ்டீயரிங் எப்படி இருக்குமோ என்று யாருக்கும் தைரியம் இல்லை. ஃபாரூக் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டிருந்தார். மாமா என்னிடம் வந்தார்.

"சாஜிதா, வாட்டி மக்கா. நீ ஏறி ஸ்டீயரிங்கப் புடி. பயலுவ தள்ளட்டும். மண்டபத்துல எல்லாரும் காத்துக்கிட்டுல்லா இருக்காக."

மதியம் சொன்ன முறை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். ஓடுகிற வண்டியில் நான் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். செத்த வண்டியில் உட்கார்ந்தால் சிரிக்காது. அவர்கள் யோசனை அவ்வளவுதான். என் கார், ரோட்டின் நடுவில் கிடக்கிறது. விட்டுவிட்டுப் போக முடியுமா? போய் ஏறினேன். ஃபாரூக்கின் உடம்புக்கு ஏற்றபடி சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பையன்கள் பின்பக்கம் டிக்கி மூடியில் கையை வைத்தார்கள். "அங்கன வைக்காதீங்கடே, கண்ணாடி இழை, நொறுங்கிரும்!" என்று கத்தினேன். சீட்டுக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் தலை தப்புவதற்காக வளைத்துப் போட்ட இரும்புக் குழாய் இருக்கிறது. அதைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன்.

பக்கத்தில் ஷாஜித் மாலையைப் பார்த்தபடி இருந்தான். வீடியோ லைட் அவன் முகத்தில் விழுந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக. "மத்தியானம் நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"சண்டையாயிரும்னு பயந்துட்டேன்க்கா."

"தெரியும்."

"வேற பிளேட்டு நான் வாங்கித் தாரேன்."

பிளேட்டுக்காகவா எனக்கு நெஞ்சு இப்படி எரிகிறது? அதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த சீட்டில் உட்கார்ந்து வந்தான்? அவனைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"எறங்கு."

"என்னக்கா?"

"எறங்கித் தள்ளு."

அவன் விளையாட்டு என்று நினைத்து லேசாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஷாஜித் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாலையைக் கழற்றி சீட்டில் வைத்தான். கதவைத் திறந்து இறங்கினான்.

"ஏலே ஷாஜித்! என்னலே இது? மாப்பிள்ளையாலே தள்ளுவான்?" மாமா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஊரே பாக்குதுலே! உள்ள உக்காரு!"

"பாக்கட்டும் மாமா" என்றான் ஷாஜித். "அக்காதான் வண்டி ஓட்டுதா. நான் தள்ளுதேன்."

ஷாஜித் ஷெர்வானிக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு என் தலைக்குப் பின்னால் இரும்புக் குழாயைப் பிடித்தான். மற்றவர்களும் பிடித்தார்கள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி அசைந்து நகர்ந்தது. பைத்து பாடுகிறவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்து ரோட்டை மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். என் காதுக்குப் பக்கத்தில் தம்பி மூச்சு வாங்குவது கேட்டது.

"வேகமாத் தள்ளுலே" என்றேன்.