ராஸ்கோவின் கண்டன அறிக்கை

செயின்ட் லூயி கூடைப்பந்து அணியின் உடை மாற்றும் அறையில் ராஸ்கோ பெட்வே பத்து வருடங்களாக ஒரே பிரசங்கத்தைத்தான் செய்துகொண்டிருந்தான். எவனும் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. நீ ஒருத்தன் விட்டுக்கொடுத்தால், நாளைக்கு உன்னைக் காட்டியே மற்றவன் வயிற்றில் அடிப்பார்கள். வீரர்கள் தேர்ந்தெடுத்த சங்கப் பிரதிநிதி அல்லவா, சொல்லத்தானே வேண்டும். கேட்பவர்களுக்குத்தான் காது புளித்துப்போயிருந்தது.

அந்த ஜூலையில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. முப்பத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் மக்கர். ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் போட்டிருக்கும் உச்சவரம்பில் உனக்கு இடமில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டது. தொலைதூரத்து சாக்ரமென்டோ அணியில் கூப்பிட்டார்கள். மகள்களோ பள்ளிக்கூடத்தை விட்டு வரமாட்டோம் என்று ஒரே அடம். குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போய்க் கிடக்க வேண்டும். அதை நினைத்தாலே அந்த ஏழடி மனிதனுக்கு அழுகை முட்டியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு கெவோன் ராஸ்கோவின் வீட்டுக்கு வந்தான். அணியின் நட்சத்திரம், ஊரில் பாதிச் சுவர்களில் அவன் முகம்தான். ராஸ்கோவின் மனைவி யோலாண்டா பொரித்துக்கொண்டிருந்த கெளுத்தி மீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, புது ஒப்பந்தத்தில் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னான். மிச்சமாகும் இடம் ராஸ்கோவுக்கு. இருவரும் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு என்று நிர்வாகத்திடம் கறாராகப் பேசியும் விட்டானாம்.

ராஸ்கோவுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. ஆனால் வாய், பழக்க தோஷம், பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டது. கெவோன் மீனைத் தின்றபடி முழுவதையும் கேட்டான்.

"இது சங்கத்துக்காரர் பேச்சு. எங்க ராஸ்கோ அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவன் வீட்ல இல்ல."

"இருக்காரு," என்றாள் யோலாண்டா அடுப்படியிலிருந்து. "காலையிலேர்ந்து பெட்டி அடுக்குறேன்னு அதே சாக்ஸை மடிச்சு மடிச்சுப் பிரிச்சுக்கிட்டிருக்காரு."

ராஸ்கோ, பணம் உன்னுடையது, கொள்கை எல்லாருடையது என்று மறுபடி இழுத்தான். கெவோன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பந்து போடணும்னு எதிராளுங்களுக்குக் குறுக்க நின்னு எத்தனை இடி வாங்கியிருப்பீங்க. விலா எலும்பே ரெண்டு தரம் போச்சு. அப்பல்லாம் என்னைக் கேட்டுக்கிட்டா வாங்குனீங்க?"

ராஸ்கோ மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.

கடைசியில் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டான், ஆனால் சங்கப் பிரதிநிதி என்ற முறையில் அதைக் கண்டித்து அறிக்கை விடுவேன் என்றான். தாராளமாக என்றான் கெவோன். இருவருமாக உட்கார்ந்து எழுதினார்கள். 'துரோகம்' ஒரு தரம்தான் வருகிறது, பத்தாது என்று கெவோன் இன்னும் இரண்டு சேர்த்தான்.

செவ்வாய்க்கிழமை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அதே பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, நிருபர்கள் முன்னால் ராஸ்கோ அறிக்கையை வாசித்தான். பக்கத்தில் கெவோன் தலைகுனிந்து, திட்டு வாங்குபவன் போலவே நின்றான். இரண்டாவது துரோகத்தில் ராஸ்கோவின் குரல் உடைந்தது. மூன்றாவதை வாசிக்கவே முடியவில்லை. அந்தப் பெரிய கையால் கண்ணை மூடிக்கொண்டு விம்மினான்.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாம், கொள்கைக்காக இப்படிக் கலங்கிய மனிதனைக் கண்டதில்லை என்று எழுதின.